நல்லூரணிக்காரி

வண்டி கால் மணி நேரம் நிற்கும், டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர்தான் முதலில் இறங்கிப் போனான். டிரைவர் இன்ஜினை நிறுத்தியதும் அதுவரை காற்றோடு ஓடி வந்துகொண்டிருந்த வெயில் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் இறங்கவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரத்தில் இருக்கிறேன். மடியில் மஞ்சள் பை, பைக்குள் ஆஸ்பத்திரி ஃபைல். இறங்கினால்தான் என்ன, யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள், நான் பிறந்த ஊர்தானே இது, பத்தொன்பது வயது வரைக்கும் இங்கேதான் கிடந்தேன். ஆனால் இந்த மண்ணில் கால் வைத்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது, இப்போதும் வைக்கவில்லை, என் காலுக்கும் ஊருக்கும் நடுவில் பஸ்ஸின் தகரம் இருக்கிறது, அதனால் வந்ததாக ஆகாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர், குருவையா. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு எப்போது போனாலும் நேர் ரோட்டு வண்டியில்தான் ஏறுவார், நல்லூரணி வழி என்று போர்டு போட்ட சுத்து வண்டி எதிரே வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பஸ் என்னமோ அவரோடு சண்டை போட்ட மாதிரி. இன்றைக்கு அவருக்குக் கால் வீக்கம், அதனால் வரவில்லை, நான் மட்டும் வந்தேன். திரும்பும்போது மதுரை பஸ் ஸ்டாண்டில் இந்த வண்டி நின்றது. யாரும் என்னைத் தள்ளி ஏற்றவில்லை. நானாகத்தான் ஏறினேன். நல்லூரணி வந்ததும் ஊரணியைப் பார்க்கலாம் என்று எட்டி எட்டிப் பார்த்தேன், காணவில்லை. அப்புறம்தான் புரிந்தது, ஊரணியை மூடித்தான் பஸ் ஸ்டாண்ட் கட்டியிருக்கிறார்கள். நான் குளித்த தண்ணீர் இருந்த இடத்துக்கு மேல் இந்த வண்டி நிற்கிறது. பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, பச்சைப் பசேலென்று பாசி, பாதி எருமைக்குப் பாதி எங்களுக்கு, பாவாடை கட்டின பிள்ளைகள் அத்தனை பேருக்கும் படர்தாமரை. ராஜபாளையத்தில் போய் மட்டும் எங்கள் ஊரணித் தண்ணீர் இளநீராக இருக்கும் என்று நாற்பத்து மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாமல் என்ன செய்வது. அங்கே எனக்கு வேறு பெயர் கிடையாது. கல்யாணம் முடிந்து மில் காலனிக்குப் போன மூன்றாம் நாள் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம், இவதான் குருவையா கட்டிட்டு வந்த நல்லூரணிக்காரி என்றாள், அத்தோடு அன்னபாக்கியம் என்று என் அப்பா வைத்த பெயர் போயே போய்விட்டது. மாமியார், கொழுந்தனார், ரேஷன் கடைக்காரர், பால்காரர், எல்லாருக்கும் நல்லூரணிக்காரிதான். குழம்பில் உப்புக் கூடினால் நல்லூரணிக் குழம்பு. நான் எதிர்த்துப் பேசினால் நல்லூரணி வாய். கோலம் நன்றாக அமைந்துவிட்டால் மட்டும் ஊர் பெயர் வராது. எனக்குக் கோபம் வந்ததே இல்லை, அதைச் சொல்ல வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு தூரத்தில் போட்டாலும் நமக்கு ஒரு ஊர் இருக்கிறது, அதை நம் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று இருந்தது. இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அன்னபாக்கியம், அன்னபாக்கியம் என்று மூன்று தடவை கூப்பிட்டாள், நான் யாரையோ கூப்பிடுகிறாள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாலாவது தடவை ராஜபாளையம் அன்னபாக்கியம் என்றாள். அப்போதும் எனக்கு எழுந்திருக்க வரவில்லை, ராஜபாளையம் என்று என்னை யாரும் சொன்னதில்லை. டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, கூட யாரும் வரலையா என்றார். இல்லை என்றேன். இந்தக் குரலில்தான் சொன்னேன், ஐந்து மாசமாக இந்தக் குரல்தான், உலர்ந்த பனை ஓலையை இழுக்கிற மாதிரி, எனக்கே யாரோ பேசுகிற மாதிரி. சளி சளி என்று கஷாயம் குடித்தே ஐந்து மாசம் போக்கினேன். அடுத்த வாரம் வீட்டு ஆம்பளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எதையோ எழுதினார். வெளியே வந்து நர்ஸைப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. தீபாவளி பார்ப்பேனா தாயி என்று கேட்டேன். அதெல்லாம் நல்லாப் பார்ப்பீங்கம்மா என்றது. தீபாவளியைச் சொன்னது. பொங்கலைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஆடி.

சாவுக்கு எனக்குப் பயம் இருக்கிறதா என்று வழியெல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன், பல் ஆடுகிறதா என்று நாக்கால் பார்க்கிற மாதிரி. இருக்கிறது. ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. வலி, ஊசி, தொண்டையில் குழாய், இதெல்லாம் எங்கேயோ தள்ளி நிற்கிறது. கண்ணை மூடினால் வருவது அதற்கு மறுநாள். மில் காலனியில் எங்கள் வீட்டு முன்னால் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, திருப்பூரிலிருந்து மகன் வந்துவிட்டான், குளிப்பாட்டி நடுவில் கிடத்தியாகிவிட்டது, இனி ஒன்றுதான் பாக்கி, பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். பொம்பளை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை வர வேண்டும், அண்ணனோ தம்பியோ, அவன் இல்லையென்றால் அவன் பிள்ளையோ, தட்டில் வைத்துக் கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும், அதற்கப்புறம்தான் தூக்குவார்கள். எத்தனை சாவு வீட்டில் நானே உட்கார்ந்து காத்திருக்கிறேன். நல்லூரணியிலிருந்து ஆள் வந்தாச்சா என்று ஒருத்தி கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி கேட்பாள். மணி இரண்டாகும், மூன்றாகும், ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும். அப்புறம் யாராவது ஒரு பெரிய மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பக்கம் யாரும் இல்லப்பா, தூக்குங்க என்பான். நாற்பத்து மூன்று வருஷம் நல்லூரணிக்காரி, நல்லூரணிக்காரி என்று கூப்பிட்ட வாய்கள் அன்றைக்கு ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். இதுதான் எனக்குப் பயம். சிரிப்புக் கூட வருகிறது, இப்படி ஒரு பயத்துக்கு எந்த டாக்டரிடம் போவது.

ராஜபாளையம், ராஜபாளையம், ராஜபாளையம் என்று கீழே யாரோ கத்துகிறார்கள். ஆள் சேர்க்கிறார்கள். தனியார் வண்டிக்கு ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் ஒரு ஆள் இப்படி இருப்பான், ஊர் பெயரைக் கத்தி ஏற்றிவிட்டு, நேரம் ஆனதும் வண்டியைத் தட்டி அனுப்புவான். எங்கேயும் கேட்கிற சத்தம்தான். ஆனால் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. காது சொல்வதற்கு முன்னால் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. ராஜபாளையம் என்பதில் 'பா'வை இழுத்து, 'ய'வை விழுங்குகிற அந்த விதம். ராஜபா...ளைம். எனக்கு ஏழு வயசு, பங்குனிப் பொங்கல், அம்மன் கோவில் பொட்டலில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நான் தொலைந்துபோய் நிற்கிறேன், மேடையில் மைக் செட்காரர் பேரைத் தப்பாக அன்னலட்சுமி என்று சொல்ல, அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஒரு குரல், அன்னபாக்கியம், வயசு ஏழு, பச்சைப் பாவாடை, முன்பல் ஒண்ணு கிடையாது, எங்க நின்னாலும் அங்கேயே நில்லு, அண்ணன் வர்றேன். ஊர் முழுக்கச் சிரித்தது. முன்பல் இல்லாததை எல்லாம் மைக்கில் சொல்லுவானா ஒருத்தன். எனக்கு அழுகை நின்றுவிட்டது. பொட்டலில் இருந்த அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பச்சைப் பாவாடையைத் தேடினார்கள், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதவர்கள் ஒருத்தர் கூட அங்கே இல்லை. அதே குரல் இப்போது இங்கே கரகரத்துப் போய், ராஜபாளையம், உட்கார்ந்து போகலாம், ராஜபாளையம் என்கிறது. என் அண்ணன் தவசிலிங்கம். வைத்திருந்த இரும்புக் கடையை மூடிவிட்டான் என்று எப்போதோ யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் என்ன செய்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. இதைத்தான் செய்கிறான். முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு பார்க்கிறேன். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனவர்கள் போடுகிற பெரிய கருப்புக் கண்ணாடி. முதுகு வளைந்திருக்கிறது. அறுபத்தாறு வயசு. தினம் எத்தனை வண்டி போகும் ராஜபாளையத்துக்கு. எத்தனை தடவை கத்தியிருப்பான். அங்கே என்னை அவனுடைய ஊர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே அவன் என்னைக் கொடுத்த ஊர் பெயரைச் சொல்லித் தொண்டையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் இருபத்து மூன்று வருஷமாக ஒரு பேச்சு இல்லை.

காரணம் நான். இதை யாரிடமும் இப்படி ஒற்றைச் சொல்லாகச் சொன்னதில்லை, வண்டி நிற்கிற இந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அம்மா செத்த அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே எல்லாம் தயார். கோடி மட்டும் வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன், எங்கள் தாய்மாமன், பிள்ளை இல்லாமலே செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது, அந்த வீட்டுக் கதவைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் பொம்பளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதினோரு மணிக்கு அண்ணன் எழுந்து எங்கேயோ போனான். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தான், கூட முகம் தெரியாத ஒரு ஆள், அவர் கையில் தட்டு, தட்டில் அரக்குச் சேலை. மாமா வீட்டுப் பங்காளி, சேதி கேட்டுக் கோடி கொண்டாந்திருக்காரு என்றான் அண்ணன். அம்மாவின் பிறந்த ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொன்னான், அந்த மைக் குரலில். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு, அப்பாடா என்று. நான் அம்மா தலைமாட்டில் இருந்தேன். அந்தச் சேலையை எனக்குத் தெரியும். முந்தின நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது முக்குத் துணிக்கடையில் பொம்மை மேல் கட்டியிருந்ததைப் பார்த்து, அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டால் இதை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். முந்தானை ஓரத்தில் கடைச் சீட்டுக் கூடக் கிழிக்கவில்லை. அவசரத்தில் வாங்கியிருக்கிறான், பாவம். பாவம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன வந்தது எனக்கு. அம்மாவிடம் பொய் கிட்டே வரக் கூடாது, அவளுக்குப் பொய் பிடிக்காது, இதுதான் மனசுக்குள் ஓடியது என்று ரொம்ப நாள் என்னையே நம்ப வைத்திருந்தேன். அது அவ்வளவு சுத்தம் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டானே என்ற எரிச்சல் இருந்தது. அம்மாவை எனக்குத்தான் தெரியும், உனக்கு என்ன தெரியும் என்பது இருந்தது. எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, இது மாமா வீட்டுக் கோடி இல்ல, முக்குக் கடைப் பொம்மையில கெடந்த சேலை, அண்ணன் போய் வாங்கியாந்திருக்கு என்று சொன்னேன்.

தட்டு வைத்திருந்த ஆள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோய்விட்டார், கடைசி வரை அவர் யார் என்று தெரியாது. அப்புறம் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். இல்லாத வீட்டுப் பெயரைச் சொல்லிப் போர்த்தக் கூடாது என்றார்கள். பரவாயில்லை என்று ஒருத்தர் சொன்னார், அவர் சொல்லை யாரும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் அம்மா அங்கே கிடந்தாள். கடைசியில் சேலையைத் தட்டோடு ஒதுக்கி வைத்துவிட்டு, கோடி இல்லாமலே தூக்கினார்கள். தெரு தாண்டும் வரைக்கும் பொம்பளைகள் அழுததில் அதைத்தான் பாட்டாகக் கட்டி அழுதார்கள், பிறந்த வீடு இல்லாமப் போறியே என்று. எண்பது வயசு வரைக்கும் அம்மா தன் பிறந்த ஊரைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டுதான் இருந்தாள், என்னை மாதிரி. அதை ஒரு வாக்கியத்தில் நான் பறித்துக்கொண்டேன். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அண்ணன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றான். கத்துவான் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னான்.

"அம்மாவ நாதியத்தவளா அனுப்பி வச்சிட்ட. உனக்கும் ஒரு நாள் வரும் பாக்கியம். அன்னைக்கு நான் வர மாட்டேன்."

அதைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பொண்டாட்டி செத்தா இந்த வாசலுக்குச் சேதி சொல்லி விட்டா நான் குருவையா இல்ல என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மற்ற விஷயத்தில் எல்லாம் வாக்குத் தவறுகிறவர், இதில் மட்டும் இரும்பு. மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறைக்கு யாரோ ஒருவரின் மைத்துனரை நிற்க வைத்தார். அந்த ஆள் மாலையை மாற்றிப் போட்டுவிட்டு முழித்தார். அப்போதே தெரிந்துவிட்டது, என் சாவுக்கும் சேதி போகாது. சேதி போகாமல் யார் வருவார்கள். அண்ணனுடைய கோபம் தணிந்திருந்தாலும் சரி, தணியாவிட்டாலும் சரி, நான் போன சேதி அவன் காதில் விழுவதற்குள் பதினாறாம் நாள் முடிந்திருக்கும்.

ஆக இருக்கிறது ஒரு வழி. இந்த வண்டியை விட்டு இறங்கி, ஒரு பத்தடி நடந்து, அண்ணே என்று கூப்பிட்டு, எனக்கு இப்படி ஆயிருச்சு, தைக்கு இருக்க மாட்டேன், நீ வந்து ஒரு சேலை போர்த்தணும், சேதி வராட்டியும் வந்துரு என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். சேலை என்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. இன்னொரு தடவை முதலிலிருந்து. அண்ணே. அதிலேயே நின்றுவிடுகிறது, இந்தப் பனை ஓலைக் குரலில் அண்ணே என்றால் அவனுக்கு என்ன தெரியும், என் முகமும் பாதியாகிவிட்டது, முடி கொட்டிவிட்டது, அவன் கண்ணில் கருப்புக் கண்ணாடி வேறு. பக்கத்து சீட்டுப் பெண் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்து உட்கார்கிறாள், எனக்கும் ஒன்றை நீட்டுகிறாள், வேண்டாம் என்று தலையாட்டுகிறேன், விழுங்க முடியாது. எதிரே முக்கில் துணிக்கடை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது, பெயர் மாறி, பெரிய கண்ணாடி போட்டு, பொம்மைக்குத் தலை கூட இல்லை. ஒரு யோசனை வருகிறது, நானே போய் ஒரு சேலை வாங்கிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டால் என்ன, நல்லூரணியிலிருந்து வந்தது என்று அன்றைக்கு எடுத்துப் போர்த்தட்டும். உடனே அதற்குப் பதிலும் வருகிறது, யார் எடுத்து, யார் சொல்லி. சேலை எந்தக் கடையிலும் கிடைக்கும். எங்க பிள்ளைக்கு என்று சொல்லிக்கொண்டு தட்டோடு வாசலில் ஏறுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அண்ணனுக்கு அன்றைக்கு அந்த ஆளைத் தேடத்தான் மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. எந்த ஊரில், எந்த டீக்கடையில் போய் நின்று, முகம் தெரியாத மனுஷனிடம் எப்படிக் கெஞ்சினானோ. ஒரு பொய் சொல்ல ஆள் பிடித்துக்கொண்டு வந்தான், அம்மாவுக்கு ஒரு ஊர் இருக்க வேண்டும் என்று. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபத்து மூன்று வருஷமும் ஒரு தொண்டைப் புண்ணும் தேவைப்பட்டிருக்கிறது. இறங்கு, இறங்குடி, இன்னும் ஐந்து நிமிஷம் கூட இருக்காது. கால் மரத்துப் போயிருக்கிறது. பையைத் தோளில் மாட்டுகிறேன். கண்டக்டர் டீக் கிளாஸைக் கீழே வைக்கிறான். மெதுவாக எழுந்திருக்கலாம் என்று முன் கம்பியைப் பிடிக்கிறேன். அண்ணன் வண்டியை நோக்கி வருகிறான்.

ஒவ்வொரு ஜன்னலாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறான், காலி சீட்டு இருக்கிறதா என்று. என் ஜன்னலுக்கு வந்து கம்பியில் கையை வைக்கிறான். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. ராட்டினத்துப் பலகையில் நசுங்கியது, அதே பங்குனிப் பொங்கலில், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது. என் முகத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. உள்ள எடம் கெடக்கா தாயி என்று கேட்கிறான். தலையாட்டுகிறேன். எங்க, ராஜபாளையமா என்கிறான். அதற்கும் தலையாட்டுகிறேன். போய்விடுவான் என்று நினைக்கிறேன், போய்விடக் கூடாது என்றும் நினைக்கிறேன். போகவில்லை. கருப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, மில்லு காலனிப் பக்கமா என்று கேட்கிறான். ஆமா என்கிறேன். என் குரலைக் கேட்டுவிட்டு, மிளகைத் தட்டிப் போட்டுக் குடிங்க தாயி, சளி கட்டியிருக்கு என்கிறான். அப்புறம் குரலைத் தணித்து, அங்க குருவையான்னு ஒருத்தர், மில்லுல பிட்டரா இருந்தாரு, தெரியுமா என்கிறான். ராஜபாளையத்து ஆளுககிட்ட எல்லாம் கேக்குறதுதான், பெரிய ஊரு, யாருக்கும் தெரிய மாட்டேங்குது என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொள்கிறான். எத்தனை ஜன்னலில் கேட்டிருப்பான். தெரியும் என்று என் வாய் சொல்லிவிடுகிறது. கண்ணாடி துடைப்பதை விட்டுவிட்டு மறுபடி கம்பியைப் பிடிக்கிறான்.

"அவரு சம்சாரம் எப்படி இருக்கு?"

இதோ. நான் இறங்க வேண்டியதே இல்லை, அவனே வந்து கேட்டுவிட்டான். கையை எடுத்து அந்த வளைந்த விரல் மேல் வைத்தால் போதும். முந்தானையைப் பின்னால் தள்ளினால் போதும். ஃபைலை எடுத்து நீட்டினால் கூடப் போதும், மேலே பெயர் எழுதியிருக்கிறது. உண்மையைச் சொல்லு, சொல்லு, என்கிறேன் எனக்குள். உண்மை என்ற சொல்லோடு அந்த அரக்குச் சேலை வருகிறது, ஓரத்தில் கிழிக்காத கடைச் சீட்டு வருகிறது, தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகிற ஆளின் முதுகு வருகிறது. இந்த ஊரில் நான் கடைசியாகச் சொன்ன உண்மை அது. இன்றைக்கு ஒன்றைச் சொல்லி, இந்தக் காக்கிச் சட்டைக்காரனை, ஒற்றைக் கண்ணனை, பஸ் ஸ்டாண்டு நடுவில் நிற்க வைத்து அழ விட்டுப் போவதா. பக்கத்துப் பெண் வெள்ளரிப்பிஞ்சைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது. அவன் காத்திருக்கிறான். நான் வாயைத் திறக்கிறேன்.

"நல்லா இருக்காங்க" என்கிறேன்.

நடமாட்டமாத்தான இருக்கு என்று மறுபடி கேட்கிறான். நல்லா இருக்காங்க என்று மறுபடி சொல்கிறேன். அவன் முகம் லேசாகிவிடுகிறது, இருபத்து மூன்று வருஷமாக மடியில் கட்டியிருந்ததை இறக்கி வைத்தவன் போல. கண்ணாடியை மாட்டிக்கொள்கிறான். அப்படிப் பார்த்தால் நான் அவனுக்கு ஒரு நல்லதுதான் செய்திருக்கிறேன். ஆனால் கம்பியிலிருந்து கையை எடுக்கும்போது எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று எழும்பி வருகிறது, அண்ணே என்று, வெளியே வரும்போது அது வெறும் காற்றாக வருகிறது.

"இருந்தாச் சரி. எங்க ஊருப் பிள்ளை, அதான் கேட்டேன். நான் கேட்டேன்னு சொல்ல வேணாம்."

சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். தங்கச்சி என்று சொல்லவில்லை. ஊருப் பிள்ளை என்றான். அதுவும் போதாதா எனக்கு, அதைத்தானே கேட்டு வந்தேன், வாங்கிக்கொண்டேன், வாங்கின கையோடு என்ன செய்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நம்புகிறவன் எதற்காகச் சாவு சேதியை விசாரிக்கப் போகிறான். டிரைவர் ஏறி இன்ஜினைப் போடுகிறார். என் ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் இரண்டு தட்டு விழுகிறது, ரைட், போலாம் என்கிற குரல், தட்டின அதிர்வு என் முழங்காலில் தெரிகிறது. வண்டி நகர்கிறது, ஊரணி இருந்த இடத்தைச் சுற்றி, துணிக்கடையைத் தாண்டி. திரும்பிப் பார்க்கிறேன். அவன் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான், வேறு ஊர் பெயர், சங்கரன்கோவில், சங்கரன்கோவில் என்று கத்துவது கேட்கிறது. பக்கத்துப் பெண், தெரிஞ்சவரா அம்மா என்கிறாள். பஸ்ஸுக்கு ஆள் ஏத்துறவரு என்கிறேன். தையோ, அதற்கு முன்னால் மார்கழியோ, ஒரு நாள் மில் காலனியில் பந்தல் போட்டிருக்கும், நல்லூரணியிலிருந்து ஆள் வந்தாச்சா என்று கேட்டுக் கேட்டு மணி மூன்றாகும். அந்த நேரத்துக்கு அவன் இங்கே இதே இடத்தில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ராஜபாளையம், ராஜபாளையம், உட்கார்ந்து போகலாம் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருப்பான்.